பாண்ட் மாஸ்டர் பழக்கித் தந்தவை: தெரிந்தவர்கள் எழுதுங்கள்

பின்வரிசை:
எங்கள் பாண்ட் மாஸ்டர் காலமாகி முப்பத்தோராம் நாளும் முடிந்துவிட்டது. இலங்கையின் வன்னிப் பள்ளிக்கூடங்களில் அவரிடம் பழகிய பிள்ளைகள் இன்று தாங்களே பாண்ட் பழக்குகிறார்கள். நாலு வரி புகழ்ந்துவிட்டுப் போகாமல், அவர் எதை எப்படிச் செய்தார் என்று எழுதிவைப்போம். தை பிறந்தால், பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்துகிற இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அணிநடை தொடங்கிவிடும்.

முதலில் வேகம். போரால் பற்றரிக்கும் தடையிருந்த 1990களில், தாளவேகம் காட்டுகிற மெட்ரோனோமுக்கு எங்கே போவது? நூலில் கல்லைக் கட்டினார். பிடிக்கும் இடத்திலிருந்து கல்லின் நடுவரை 25 சென்ரிமீற்றர். அது ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக அரைச் செக்கன் எடுக்கும். நிமிடத்துக்கு 120 காலடி. அணிநடைக்கு அதுதான் வேகம். நாலு விரலகலத்துக்கு மேல் ஆட்டக்கூடாது, அகல ஆடினால் பிந்தும். பாட்டு எதுவும் தொடங்குமுன் பிள்ளைகள் அந்தக் கல்லைப் பார்த்து நின்ற இடத்திலேயே கால் மாற்றவேண்டும். குறைந்தது ஒரு கிழமை. இதைத் தவிர்த்த பாண்ட் மைதானத்தில் ஓடத் தொடங்கிவிடும், பதற்றத்தில் கை தானாகவே முந்தும்.

பேஸ் ட்ரம், மல்லாவி:
அண்ணை, அவர் பேஸ் ட்ரம்முக்குத்தான் முதலில் ஆள் தெரிவார். பலசாலியைத் தேடமாட்டார், அவசரப்படாத பிள்ளையைத் தேடுவார். இடக்காலுக்கு ஓங்கி, வலக்காலுக்கு மெல்ல. நட்டநடுவில் அடித்தால் சத்தம் செத்துவிடும். நாலு விரல் தள்ளி அடிக்கவேண்டும்.

எல்லோரும் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. கடைசி இல்லம் கால் பிழைக்கிறது என்று பிள்ளைகளை ஏசுவார்கள். வெயிலில் ஒலி செக்கனுக்குக் கிட்டத்தட்ட 350 மீற்றர் போகும். 175 மீற்றர் தள்ளி நிற்கிற பிள்ளைக்கு ட்ரம் அடி அரைச் செக்கன் பிந்திக் கேட்கும். அரைச் செக்கன் என்றால் முழுதாக ஒரு காலடி! இங்கே இடக்காலுக்கு விழுந்தது அங்கே இங்கத்தைய வலக்கால் நேரத்தில்தான் போய்ச் சேரும். காதில் விழுந்ததைச் சரியாக மிதிக்கிற பிள்ளைக்கு ஏன் ஏச்சு? அதனால்தான் மாஸ்டர் பாண்டை மேடையடியில் நிறுத்தவே மாட்டார். ஓடுபாதைக்கு உள்ளே, நடு மைதானத்தில் நிறுத்துவார். எல்லா இல்லத்துக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். இல்லத் தலைவர்களுக்கு அவர் சொன்னது: முன்னுக்குப் போகிறவனின் காலைப் பார்க்காதே, ட்ரம்மைக் கேள். கண்ணையும் காதையும் கலந்தால் கால் தடுமாறும்.

பித்தளை:
ட்ரம்பெட்டில் விரலால் அழுத்துகிற வால்வுகளுக்குத் தேங்காயெண்ணெய் விடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். தை மாத விடியப்புற ஒத்திகையில் வால்வ் இறுகுவது அதனால்தான். கச்சான் காற்றுக் காலத்தில் செம்மண் புழுதி அந்த எண்ணெயில் ஒட்டி வால்வைச் சுரண்டும். வால்வ் எண்ணெய் இல்லாவிட்டால் மாஸ்டர் சுத்தமான தண்ணீரால் நனைப்பார், வேறொன்றும் விடமாட்டார். வாஸ்லைன் இழுகுழாய்களுக்கு மட்டும்.

கழற்றினால் மூன்று வால்வையும் இலக்கப்படியே திருப்பிப் போடவேண்டும். மாறினால் ஊதிய காற்று போக வழியிருக்காது. வாய்த்துண்டு இறுகினால் குறடு வைத்து முறுக்காதீர்கள், குழாய் முறுகி, ஒட்டிய இடம் விட்டுப்போகும். மரக்கட்டையால் சுற்றிவர மெல்லத் தட்டிக்கொண்டே இழுத்தால் வரும்.

சைட் ட்ரம், புதுக்குடியிருப்பு:
தோலை இறுக்கும்போது ஒரு பக்கத்திலிருந்து வரிசையாகப் போகக்கூடாது. எதிரெதிர் ஆணிகளை மாறி மாறிக் கால் சுற்று, கால் சுற்றாக. வரிசையாகப் போனால் வளையம் சரியும், பிறகு ஆணியின் புரி போய்விடும். ஆட்டுத்தோல், கன்றுத்தோல் என்றால் மாரியில் தொய்யும், வெயிலில் வெடிக்கும். அடித்து முடிந்ததும் தளர்த்தவேண்டும். பிளாஸ்ரிக் தோலுக்கு அந்த வேலை இல்லை.

அடிகோல் அவர் தச்சரிடம் முதிரையில் கடைவிப்பார், 16 அங்குலம். மேசையில் உருட்டிப் பார்ப்பார், கோணலானது துள்ளும். பிறகு ஒவ்வொன்றாகத் தட்டி, ஒரே சுருதியில் ஒலிக்கிற இரண்டைச் சோடி சேர்ப்பார். பழக்கம் முழுக்கப் பழைய ரயர்த் துண்டில். அதில் கோல் அளவாகத்தான் எழும்பும், பிள்ளை மணிக்கட்டைப் பாவிக்கத்தான் வேண்டும்.

புதிய ஆசிரியை:
எங்கள் றெக்கோடர் குழல்களில் பாதிக்கு ‘மா’ மட்டும் சுருதி விலகுகிறது. மற்றச் சுரமெல்லாம் சரி. பிள்ளைகள் பிழையா?

பின்வரிசை:
பிள்ளைகளில் பிழையில்லை, தங்கச்சி. இரண்டு வகை கலந்திருக்கிறது. பின்பக்கம், பெருவிரல் துளைக்குக் கிட்டப் பாருங்கள். ‘ஜி’ (G) எழுத்திருந்தால் ஜேர்மன் முறை, ‘பி’ (B) இருந்தால் பரோக் முறை. ஜேர்மனில் பெருவிரலோடு மேலிருந்து நாலு துளையை மூடினால் அந்தச் சுரம் வரும். பரோக்கில் அதோடு ஆறாவதையும் ஏழாவதையும் மூடவேண்டும். மாஸ்டர் பரோக்கைத்தான் வாங்குவிப்பார், ஜேர்மனில் அடுத்த அரைச்சுரம் சரியாக நிற்காது. இப்போதைக்கு இரண்டையும் பிரித்து இரண்டு வரிசையாக நிறுத்திப் பழக்குங்கள். ஒரே வகையாக மாற்றும்வரை அவரும் அப்படித்தான் செய்தார்.