காம்ப்ளெக்ஸிட்டி தியரிக்கு மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு வேண்டுமா?

பென்னாகரம் மாணவி:
தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு கணக்கைத் தீர்க்கக் கணினிக்கு எவ்வளவு நேரமும் நினைவகமும் வேண்டும் என்று ஆராயும் உயர்நிலைக் காம்ப்ளெக்ஸிட்டி தியரியை விருப்பப்பாடமாக எடுத்த பதினோரு பேரில் நானும் ஒருத்தி. ஆறு வீட்டுக்கணக்குத் தாள்களுக்கு 60, ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கரும்பலகையில் விளக்குவதற்கு 20, வாய்மொழித் தேர்வுக்கு 20 என்று ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். எழுத்துத் தேர்வு கிடையாது. இப்போது வகுப்பில் நான்கு பேர் எழுத்துத் தேர்வு வேண்டும் என்று துறைத்தலைவரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது கூடாது என்றே படுகிறது.

இரண்டாம் தாளில் ஒரு கேள்வி. முனைகளும் அவற்றை இணைக்கும் அம்புக்கோடுகளும் கொண்ட ஒரு வரைபடத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வழி இல்லை என்பதை, ஒவ்வோர் அடியிலும் சரியான வழியை ஊகித்துச் செல்லும் கற்பனை இயந்திரம் லாகரிதம் அளவு நினைவகத்துக்குள், அதாவது சில முனைகளின் எண்களை மட்டும் குறித்துவைக்கும் இடத்துக்குள், உறுதிசெய்ய வேண்டும். 1987இல் கணினி அறிஞர்கள் இம்மர்மேனும் செலப்செனியும் தனித்தனியே நிறுவியது. வழி இருந்தால் அந்த வழியைக் காட்டிவிடலாம். இல்லாததை எப்படிக் காட்டுவது? மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். "போய்ச் சேரக்கூடிய முனைகள் எத்தனை என்று முன்பே தெரிந்தால்?" என்று மட்டும் ஆசிரியர் கேட்டுவிட்டுப் போனார். அன்று மாலை பஸ் இண்டூரைத் தாண்டும்போது நடத்துநர் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பது டிக்கெட் கொடுத்திருக்கிறார். இருக்கை வரிசைப்படி நாற்பது பேரையும் பார்த்தாயிற்று, நாம் தேடும் ஆள் அவர்களில் இல்லை. அப்படியானால் அவர் பஸ்ஸிலேயே இல்லை! யாருடைய முகத்தையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை, எண்ணிக்கை போதும். முனைகளுக்கும் இதே கதைதான். அந்த எண்ணிக்கையையே ஓரடி தூரம், ஈரடி தூரம் என்று படிப்படியாகக் கணக்கிட்டுவிடலாம் என்பது மறுநாள்தான் பிடிபட்டது. இது மூன்று மணி நேரத்தில் நடக்கிற காரியமா?

ஓசூர் பொறியாளர்:
தங்கையே, நீங்கள் உழைத்ததை நம்புகிறேன். உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் உழைத்தாரா? நீங்கள் சொன்ன நிரூபணம் பாடப்புத்தகங்களிலேயே இருக்கிறது, இணையத்தில் நூறு இடத்தில் இருக்கிறது. நான் படித்த கல்லூரியில் ஒருவன் எழுதிய வீட்டுக்கணக்கை எட்டுப் பேர் அப்படியே பார்த்து எழுதினார்கள். அவன் விட்ட எழுத்துப்பிழைகூட எட்டுத் தாளிலும் இருந்தது. எல்லோருக்கும் பத்துக்கு ஒன்பது. தானாக யோசித்து ஓரிடத்தில் தவறிய எனக்கு ஆறு. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்தால் அவரவர் சரக்கு அவரவருக்கு. மேற்படிப்பில் சேர எழுதும் கேட் நுழைவுத் தேர்வும் மூன்று மணி நேரம்தானே?

பாலக்கோடு ஆசிரியர்:
கேட் எதற்கு என்பதையும் பாருங்கள் தம்பி. லட்சக்கணக்கானவர்களை வடிகட்ட வேண்டிய இடம் அது. இங்கே இருப்பது பதினோரு பேர்.

பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். மாணவர்கள் அதிகம் சறுக்குவது, ஒரு கணக்கை இன்னொன்றாக மாற்றிக் காட்டும் ரிடக்‌ஷன் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதில்தான். நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்குப் போகும் மாம்பழப் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் எடை. இரண்டு லாரிகளில் சரிசமமாக ஏற்ற முடியுமா? கணினி அறிஞர் கார்ப் 1972இல் பட்டியலிட்ட 21 கடினக் கணக்குகளில், அதாவது வேகமாகத் தீர்க்கும் வழி இதுவரை யாருக்கும் தெரியாத கணக்குகளில், இதுவும் ஒன்று. இது கடினம் என்று நிறுவ வேண்டுமானால், கடினம் என்று ஏற்கெனவே அறிந்த ஒன்றை லாரிக் கணக்காக மாற்றிக் காட்ட வேண்டும். மாணவர் என்ன செய்கிறார்? லாரிக் கணக்கை எடுத்து, 1971இல் குக் என்ற அறிஞர் கடினம் என்று காட்டிய சாட் கணக்காக (ஒரு தர்க்க வாக்கியத்தை உண்மையாக்க முடியுமா என்று கேட்பது) மாற்றிவிட்டு, "எனவே இதுவும் கடினம்" என்று முடிக்கிறார். அது காட்டுவது, லாரிக் கணக்கு சாட்டைவிடக் கடினமில்லை என்பதை மட்டுமே. எளிய கணக்கைக்கூட அப்படி மாற்றிவிடலாமே!

தேர்வில் இதை எழுதினால் பத்துக்கு இரண்டு போடுவேன். அந்தத் தாள் கட்டோடு போய்விடும், அவர் வாழ்நாள் முழுக்கத் தலைகீழாகவே நம்பிக்கொண்டிருப்பார். வீட்டுக்கணக்கு என்றால் சிவப்பு மையில் ஓர் அம்புக்குறி போட்டுத் திருப்பிக் கொடுப்பேன், மறுவாரம் சரியாக எழுதி வருவார். பார்த்து எழுதுகிறவரைப் பிடிக்கத்தான் வாய்மொழித் தேர்வு. "இந்த வரி ஏன்?" என்று ஒரு கேள்வி போதும்.

ஓசூர் பொறியாளர்:
அந்த ஒரு கேள்விதான் என் பயமும், ஐயா. நான் ஊத்தங்கரைப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். கல்லூரியில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேட்டால், தெரிந்ததும் தொண்டையோடு நின்றுவிடும். விடைத்தாளில் என் முகமும் இல்லை, குரலும் இல்லை, வெறும் எண். அதனால்தான் தேறினேன். நன்றாகப் பேசத் தெரிந்தவனுக்கு 40 மதிப்பெண்ணை முன்கூட்டியே கொடுத்துவிடுகிற முறை இது. மனு கொடுத்த நான்கு பேரும் யார், எந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் என்று யாராவது கேட்டீர்களா?

பென்னாகரம் மாணவி:
கேட்கவில்லை அண்ணா. ஆனால் எனக்குத் தெரியும், நான்கு பேரில் மூவர் தமிழ் வழி. நானும் தமிழ் வழிதான். கரும்பலகை விளக்கத்துக்கு எனக்கு வந்திருப்பது, ஓர் எண் பகா எண்ணா என்பதைப் பல்லுறுப்பு நேரத்தில், அதாவது இலக்கங்கள் கூடினாலும் கட்டுமீறி வளராத நேரத்தில், கண்டறியலாம் என்று 2002இல் ஐஐடி கான்பூரில் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் நிறுவிய கட்டுரை. அவர்களில் இருவர் அப்போதுதான் பி.டெக். முடித்தவர்கள். அதைத் தமிழிலேயே விளக்கலாம் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார், வாய்மொழித் தேர்வும் அப்படியே.

ஓசூர் பொறியாளர்:
எழுத்தில் கொடுத்திருக்கிறாரா?

பென்னாகரம் மாணவி:
இல்லை. வகுப்பில் வாயால் சொன்னதுதான்.

பாலக்கோடு ஆசிரியர்:
அதை எழுத்தில் வாங்குங்கள் அம்மா. வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு உங்கள் ஆசிரியர் வாயால் சொன்னது தெரியாது. தம்பி சொன்னதில் இந்த இடம் நியாயம். நான் இதை யோசித்திருக்க வேண்டும்.

ஓசூர் பொறியாளர்:
எழுத்தில் வந்தாலும் ஒரு மணி நேரத் தேர்வாவது, 20 மதிப்பெண்ணுக்கு, இருக்க வேண்டும் என்பேன். அதை விட மாட்டேன்.

பென்னாகரம் மாணவி:
திங்கட்கிழமை அந்த நான்கு பேரோடு சேர்ந்தே ஆசிரியரைப் பார்க்கப் போகிறேன். முதலில் தமிழ் பற்றிக் கேட்போம். தேர்வு பற்றி அவர்களும் நானும் அதற்குப் பிறகு சண்டை போட்டுக்கொள்கிறோம்.