டோஸைக் குறைத்தால் மருந்து கேட்குமா? எங்கள் வீட்டு அனுபவங்கள்

மகள்:
அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. கட்டியை வளரத் தூண்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்ததால், அதைத் தடுக்கும் அஃபாட்டினிப் மாத்திரையை 40 மி.கி. அளவில் ஆரம்பித்தார்கள். மருந்து நன்றாகவே கேட்டது, ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. ஆனால் வயிற்றுப்போக்கு ஆளை உலுக்கி எடுத்துவிட்டது. நகக்கண் எல்லாம் வீங்கிச் சீழ் வைத்து, ஜாக்கெட் கொக்கியை மாட்டக்கூட அம்மாவால் முடியவில்லை.

கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு 30-ல் மறுபடி தொடங்கலாம் என்றார் டாக்டர். எனக்குத் திக்கென்றது. கேட்கிற மருந்தைப் போய்க் குறைப்பதா என்று கேட்டே விட்டேன்.

"40 எல்லாருக்கும் போடுற ஆரம்ப அளவும்மா. ஒரே மாத்திரைதான், ஆனா ரத்தத்துல சேர்ற அளவு ஆளுக்கு ஆள் மாறும்" என்றார். இந்த மருந்தைச் சோதித்த லக்ஸ்-லங் ஆய்வுகளில் டோஸ் குறைக்க வேண்டி வந்தவர்களுக்கு, குறைப்பதற்கு முன் ரத்தத்தில் மருந்து கூடுதலாகவே இருந்ததாம். குறைத்த பிறகு பக்கவிளைவு தணிந்தது. நோய் கட்டுக்குள் இருந்த காலம் குறையவில்லை. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அம்மா வயிற்றுக் கோளாறை எங்களிடம் மறைத்திருக்க மாட்டார்.

இப்போது 30-ல் ஓடுகிறது. வயிறு அடங்கிவிட்டது, நகம்தான் இன்னும் முழுசாக ஆறவில்லை. கட்டி வளரவில்லை. ஆனால் டாக்டரைக் கேட்காமல் நாமாகக் குறைப்பது மட்டும் வேண்டாம்.

மகன்:
எங்களுக்குத் தலைகீழ், ரத்தத்தில் மருந்து குறைந்துவிடும் என்பதுதான் கவலை. அப்பா நுரையீரல் புற்றுநோய்க்கு ஓசிமெர்ட்டினிப் என்ற மாத்திரை 80 மி.கி. எடுக்கிறார். மூளைக்குப் பரவி வலிப்பு வந்ததால், வேறொரு டாக்டர் ஃபெனிட்டாயின் எழுதினார். அது கல்லீரல் நொதிகளை முடுக்கிவிட்டு, ஓசிமெர்ட்டினிப்பைச் சீக்கிரம் கரைத்துவிடுமாம். கண்டுபிடித்தது மருந்தாளுநர். வேறு வழியே இல்லையென்றால் 160 வரை ஏற்றுவார்களாம். எங்கள் டாக்டர் வலிப்பு மருந்தை லெவெடிராசெட்டமாக மாற்றிவிட்டார், 80 அப்படியே தொடர்கிறது. ஒவ்வொரு டாக்டரிடமும் எல்லாச் சீட்டையும் காட்டுங்கள். நாட்டு மருந்து உட்பட.

அண்ணன் மகள்:
சித்தப்பாவுக்கு அதே நோய்க்கு எர்லோட்டினிப் என்ற மாத்திரை. ஒளிந்து ஒளிந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். எத்தனை திட்டினாலும் கேட்காத மனுஷன், புகை பிடித்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடும் என்று டாக்டர் விளக்கியதும் பேசாமல் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். நெஞ்செரிச்சலுக்கு அவராக வாங்கிப் போட்ட ஒமிப்ரசோலும் அன்றைக்கே நின்றது. அதுவும் இந்த மாத்திரை உடம்பில் சேர விடாதாம்.