விண்டோஸ் எக்ஸ்பியின் தொடக்கப் படத்தை மாற்றினேன், நிறங்கள் குழம்பிவிட்டன

கேள்வி:
இணையத் தொடர்பு இல்லாத பழைய கணினி ஒன்றில் எக்ஸ்பி வைத்திருக்கிறேன். அது தொடங்கும்போது, என் தந்தையார் வரைந்த முகச்சித்திரம் திரையில் வர வேண்டும் என்பது என் ஆசை. சிஸ்டம்32 கோப்புறையிலுள்ள கெர்னல் (விண்டோஸின் மைய நிரல்) கோப்பின் நகலை, நிரல்களுக்குள் இருக்கும் படங்களை மாற்ற உதவும் ரிசோர்ஸ் ஹேக்கரில் திறந்து முதல் பிட்மேப்பை (புள்ளிகளாலான படத்தை) எடுத்தபோது, அது முழுக்கக் கருப்பாகவே தெரிந்தது. 640×480 புள்ளிகள், 16 நிறங்கள் என்ற அதே அளவில் பெயிண்டில் என் படத்தைச் சேமித்து உள்ளே வைத்தேன். கணினி தொடங்குகிறது, ஆனால் முகம் நீலமாக வருகிறது. எங்கே தவறினேன்?

பதில் 1:
அந்தப் பிட்மேப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தின் வரிசை எண் மட்டுமே இருக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற பட்டியல் கெர்னலின் நிரலுக்குள் இருப்பதால்தான் படம் உங்களுக்குக் கருப்பாகத் தெரிந்தது. பெயிண்ட் தன் 16 நிறங்களைத் தன் வரிசையில் எண்ணிச் சேமிக்கிறது. ஆகவே, நிறவரிசையை ஏற்றும் வசதியுள்ள மென்பொருளில் எக்ஸ்பியின் வரிசையை முதலில் ஏற்றி, அதன் பிறகு படத்தை 16 நிறங்களுக்குக் குறையுங்கள்.

பதில் 2:
நிறத்தைவிட எனக்குக் கவலை தருவது அசல் கோப்பு. அதன்மேல் எழுதினால், கோப்புப் பாதுகாப்பு வசதி பழையதையே திரும்ப வைத்துவிடலாம். அதைத் தாண்டி எழுதி, நீங்கள் மாற்றிய கோப்பும் பழுதாக இருந்தால் விண்டோஸ் தொடங்கவே தொடங்காது. நகலுக்கு எட்டெழுத்துக்குள் வேறு பெயரிட்டு, எந்த விண்டோஸைத் தொடங்குவது என்ற பட்டியல் உள்ள பூட்.ஐஎன்ஐ கோப்பில் இருக்கும் வரியை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே இன்னொரு வரி சேர்த்து, ‘/கெர்னல்=’ சுவிட்சில் (வரியின் இறுதியில் சேர்க்கும் கட்டளையில்) அந்தப் பெயரைக் கொடுங்கள். புதியது தொடங்காவிட்டால் மெனுவில் பழைய வரியைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம். சிஸ்டம் பண்புகளில் ‘பிசிக்கல் அட்ரஸ் எக்ஸ்டென்ஷன்’ (நினைவக முகவரிகளை நீட்டிக்கும் வசதி) என்று இருந்தால், இயங்குவது என்டிகேஆர்என்எல்பிஏ என்ற கெர்னல் கோப்பு. அதைத்தான் நகலெடுக்க வேண்டும்.

பதில் 3:
கெர்னலைத் தொடாமலும் செய்யலாம். படத்தை பூட்.பிஎம்பி என்ற பெயரில் விண்டோஸ் கோப்புறையில் வைத்து, ‘/நோகுயிபூட்’, ‘/பூட்லோகோ’ ஆகிய இரண்டு சுவிட்சுகளையும் பூட்.ஐஎன்ஐ வரியில் சேர்த்தால் போதும். ஆனால் நகரும் பட்டை வராது.

கேட்டவர்:
அந்தப் பட்டை எனக்கு வேண்டும் என்பதால் முதல் இரண்டு பதில்களின்படியே செய்தேன். முகம் இப்போது தன் பழுப்பு நிறத்திலேயே வருகிறது. பட்டை ஓடும் இடம் மாறாது என்பதால் படத்தைச் சற்று மேலேற்றினேன். அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே அது ஓடுகிறது. மூவருக்கும் என் நன்றி.