மறு: ரெம் ரீபவுண்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு,

தடைபட்டிருந்த கனவுறக்கம் (ரெம்), தடை நீங்கியதும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வருவதுதான் ரெம் ரீபவுண்ட். அதற்குத் தமிழில் 'கனவு மீட்சி', 'எதிர்விளைவு', 'மீளெழுச்சி' என்ற சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. 'கனவு மீட்சி' படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பதில் பாதியைத்தான் சொல்கிறது.

ஸ்லீப் அப்னியா என்னும் தூக்க மூச்சுத்தடை, பலருக்கும் கனவு வரும் ரெம் கட்டத்தில்தான் கூடுகிறது. அப்போது தசைகள் தளர்ந்துவிடுவதால் தொண்டை எளிதில் அடைபடும். மூச்சு முட்டியதும் மூளை விழித்துக்கொள்ள, அந்தக் கட்டம் பாதியில் அறுந்துபோகும். இப்படியே ஆண்டுக்கணக்கில் தூங்கியவர் சிபாப் கருவியை (மாஸ்க் வழியே காற்றை அழுத்திச் செலுத்தித் தொண்டை அடைபடாமல் வைப்பது) மாட்டிக்கொண்டதும், முதல் சில இரவுகளில் கனவுறக்கம் வழக்கமான அளவோடு நிற்பதில்லை. பெரியவர்களின் தூக்கத்தில் அதன் பங்கு 20 முதல் 25 விழுக்காடு. அதையும் தாண்டிப் போகிறது. கனவுகள் நீளமாக, பளிச்சென்று வரும். அப்புறம் மெல்ல அடங்கிவிடும். இந்தத் தாண்டிப்போதல் 'மீட்சி'யில் இல்லை.

'எதிர்விளைவு' வேண்டவே வேண்டாம். கருவி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, போட்டவர் கழற்றி வைத்துவிடுவார். 'மீளெழுச்சி' பரவாயில்லை, ஆனால் மேடைப்பேச்சு வாசனை அடிக்கிறது.

என் பரிந்துரை: கனவுறக்க மிகைமீட்சி. சொல்லுக்குள் மூச்சையோ கருவியையோ நுழைக்காதீர்கள். மதுவை நிறுத்தியவருக்கும், சில மனச்சோர்வு மருந்துகளை நிறுத்தியவருக்கும் இதேதான் நடக்கிறது. 1960இல் தூக்க ஆய்வாளர் வில்லியம் டிமென்ட், நல்ல உடல்நலம் உள்ளவர்களைக் கனவு தொடங்கும்போதெல்லாம் எழுப்பிவிட்டுப் பார்த்தபோதே இது தெரிந்துவிட்டது. சிட்னியில் காலின் சல்லிவன் குழு சிபாப் முறையை வெளியிட்டது 1981இல்தான்.

----

ஐயா, வணக்கம்.

மிகை சரி, மீட்சிதான் இடிக்கிறது. மீட்சி என்றால் நல்லது திரும்புவது. குளோனிடின் என்னும் இரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறுமே, அதற்கும் ரீபவுண்ட் என்றுதான் பெயர். அதைப் போய் 'மிகைமீட்சி' என்றால் நோயாளி குணமாகிவிட்டது போல ஒலிக்கும். ஒரே கருத்துக்கு இரண்டு சொல் வைத்துக்கொண்டு அல்லாடவும் வேண்டாம்.

திருப்பிப் போட்டு 'மீள்மிகை' என்று வைத்தால் என்ன? நல்லது கெட்டது இரண்டுக்கும் பொருந்தும். கனவுறக்க மீள்மிகை, இரத்த அழுத்த மீள்மிகை. கனவு மற்றக் கட்டங்களிலும் வரும் என்பதால் பாடநூலில் மட்டும், ரெம் என்பதன் நேர்ப்பொருளான 'விரைவிழியசைவு உறக்கம்' என்று விரித்து எழுதிக்கொள்ளலாம்.

நோயாளிக்குத் தரும் தாளில் இவை எதுவுமே தேவையில்லை. "முதல் சில நாள் கனவு அதிகமாக வரலாம். பயப்பட வேண்டாம், மாஸ்க்கைக் கழற்றிவிடாதீர்கள்" என்று எழுதினால் போதும்.