ஸ்லோடைவ் கேக்கிற ஆக்கள் ஒருக்கா சொல்லுங்கோ

வணக்கம் எல்லாருக்கும், நான் கிளிநொச்சிப் பக்கம். ஸ்லோடைவ் எண்ட இங்கிலாந்து ரொக் பாண்டின்ர 'எவ்ரிதிங் இஸ் அலைவ்' அல்பம், 2023 செப்டெம்பர்ல வந்தது, அதை முழுசாக் கேட்ட ஆரும் இதில இருக்கிறீங்களோ? உங்கட அபிப்பிராயம் எனக்கு உண்மையா வேணும்.

நான் வவுனியா போற பஸ்ஸில டவுன்லோட் பண்ணி வச்சுத்தான் கேக்கிறனான், மாங்குளம் தாண்டினா ரெண்டு பக்கமும் காடு, அந்த நேரம் முதல் பாட்டில சிந்தசைசர் மெல்ல மெல்லச் சுத்திச் சுத்தி வர நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது. 8 பாட்டுத்தான். 2020ல பாண்டில பாடுற ரேச்சல் கோஸ்வெல்லின்ர அம்மாவும் ட்ரம்ஸ் அடிக்கிற சைமன் ஸ்கொட்டின்ர அப்பாவும் தவறிட்டினம், அவைக்குத்தான் அல்பத்தைச் சமர்ப்பிச்சிருக்கினம். அதை அறிஞ்சாப் பிறகு வேற மாதிரித்தான் கேக்குது, எங்கட பக்கம் இழப்பில்லாத வீடு குறைவு எண்டபடியாலோ தெரியேல்ல.

குரல் கிற்றாருக்குள்ள அமுங்கிக் கிடக்கு. இந்த வகைப் பாட்டில வேணுமெண்டுதான் குரலைத் தாழ்த்தி ரிவேர்ப், டிலே எண்ட எதிரொலி எஃபெக்ட் எல்லாம் போட்டுக் கரைக்கிறவை, ஆனா 1993ல வந்த அவையின்ர 'சுவ்லாக்கி' அல்பத்தில இதைவிடத் தெளிவா இருந்த மாதிரிப் படுது. உங்களுக்கும் அப்பிடியோ, இல்லாட்டி என்ர ஹெட்செட்டோ?

மற்றது, சனசமூக நிலையத்தில நாலைஞ்சு பெடியளைக் கூப்பிட்டு வச்சுக் கேக்க விருப்பம். இதுகளைக் கேட்டே இராத ஆக்களுக்கு இதில இருந்து துவங்கவோ, இல்லாட்டி 22 வருச இடைவெளிக்குப் பிறகு 2017ல வந்த அல்பத்தில இருந்தோ? நல்லம் எண்டு மட்டும் போடாம எந்தப் பாட்டு, ஏன் எண்டு எழுதுங்கோ, வாற சனிக்கு முதல் சொன்னா பெரிய உதவி.