‘கியர் போச்சு’ என்றார்கள், போனது வேறு

எங்கள் வள்ளத்தில் இருப்பது 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது வள்ளத்துக்கு வெளியே பின்பக்கம் மாட்டுகிற எஞ்சின். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற பழைய ரகம். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது.

ஒருநாள் விடியற்காலையில் குளச்சல் கரையிலிருந்து இறக்கினோம். மெதுவாக விட்டால் போகிறது. அலையைத் தாண்ட வேகம் கூட்டினால் எஞ்சின் அலறுகிறது, வள்ளம் நின்ற இடத்தில் ஆடுகிறது. எப்படியோ திரும்பி வந்து கடைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் திறந்துகூடப் பார்க்கவில்லை, “கியர் பாக்ஸ் மொத்தமா மாத்தணும்” என்றார். அவர் சொன்ன தொகைக்கு இதே மாதிரி இன்னொரு பழைய எஞ்சினே வாங்கிவிடலாம்.

மாமாதான் தடுத்தார். “லேய் மக்கா, கியரைத் தொறக்கதுக்கு முன்னால காத்தாடியைப் பாரு.” காத்தாடி என்றால் தண்ணீருக்குள் சுற்றி வள்ளத்தைத் தள்ளுகிற புரொப்பல்லர். அதன் நடுக்குழலிலிருந்து வெளி உடம்பு வரைக்கும் பெயின்டால் ஒரே கோடாக இழுக்கச் சொன்னார். ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுப் பார்த்தால், கோடு இரண்டாகி நாலு விரல் விலகி நிற்கிறது! இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் புஷ் பிடி விட்டிருந்தது. கரையேற்றும்போது மண்ணில் இடித்து இடித்து வந்த வினை. காத்தாடியை மட்டும் மாற்றினோம், சரியாகிவிட்டது.

அடுத்த வருஷம் வந்ததுதான் நிஜமான கியர் கோளாறு. முன்கியரில் வேகமாகப் போகும்போது ‘கட கட’ என்று அடித்து நழுவும், மறுபடி பிடிக்கும். அலை உடைகிற இடத்தில் இப்படி நழுவினால் வள்ளம் குறுக்கே திரும்பிவிடும்; அந்தப் பயம் பட்டவனுக்குத்தான் தெரியும். ரிவர்ஸ் மட்டும் ஒழுங்காக இருந்தது. முன்கியர், ரிவர்ஸ் இரண்டையும் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியன் போயிருந்தால் இரண்டு பக்கமும் போயிருக்கும், அதனால் சந்தேகம் முன்கியர் மேல்.

முதலில் கியர் ராடு முழுசாகத் தள்ளுகிறதா என்று பார்த்துச் சரிசெய்தோம். ஒரு வாரம் ஓடியது, அப்புறம் பழைய கதை. பிளக் வயரைக் கழற்றிவிட்டு, முன்கியர் போட்டு, கையால் காத்தாடியைத் திருப்பினேன். நன்றாகத்தான் பிடித்தது. அதில் ஏமாந்து இரண்டு நாள் வீணாக்கினேன். தேய்ந்த பல்லும் கை பலத்துக்குப் பிடித்துக்கொள்ளும். பாரம் ஏறினால்தான் வழுக்கும்.

கடைசியில் கியர் பாக்ஸின் கீழ்த் திருகைக் கழற்றி ஆயிலை இறக்கினோம். பால் காப்பி நிறம், தண்ணீர் புகுந்திருக்கிறது. திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் அது வழக்கமான தேய்மானம். எங்களுக்கு ஒட்டியிருந்தது உமி அளவு இரும்புச் சில்லு. திறந்தால், கியரைக் காத்தாடித் தண்டோடு கோர்க்கிற பல் வைத்த துண்டான கிளட்ச் டாக்கின் பல் முனைகள் மழுங்கிக் கிடந்தன.

காரணம் நாங்களேதான். எஞ்சினுக்கு வலிக்கக் கூடாது என்று கியரை மெல்ல மெல்லத் தள்ளுவோம். வேகத்தையும் முழுசாகக் குறைக்க மாட்டோம். பல் முனையோடு முனை உரசித் தேய்ந்தது அப்படித்தான். ஐடிலுக்கு இறக்கி, ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். தண்ணீர் புகுந்த வழியும் தெரிந்தது: காத்தாடிக்குப் பின்னால் தங்கூசி நரம்பு (மீன்பிடிக்கிற நைலான் இழை) சுற்றி ஆயில் சீலை அறுத்திருந்தது.

டாக், முன்கியர், சீல் மூன்றையும் மாற்றினோம். ஆயிலைக் கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் வழியும்வரை ஏற்றினோம். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும்.

இப்போது வாரம் ஒருமுறை காத்தாடியைக் கழற்றி நரம்பு பார்ப்பது தம்பியின் வேலை. போன வாரம் ஒரு முழம் கிடைத்தது.