எர்த்ஸீக்கு அப்பால் லெ குவின்: எதில் தொடங்கலாம்?

புதுவாசகி: உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ முதல் மூன்று நாவல்களைப் படித்தாயிற்று. அவருடைய அதிகம் பேசப்படாத ஃபேண்டஸிகளில் அடுத்து எதை எடுக்கலாம்? பட்டியல் வேண்டாம், ஒன்று போதும். காரணத்தோடு சொல்லுங்கள்.

ஓலைச்சுவடி: 'கிஃப்ட்ஸ்' (2004). வெஸ்டர்ன் ஷோர் மூன்று நாவல்களில் முதலாவது. மலைநாட்டில் ஒவ்வொரு குடிக்கும் பரம்பரையாக ஒரு வரம் உண்டு. கதைநாயகன் ஓரெக்கின் குடிக்கு வாய்த்தது, ஒரு பார்வையிலேயே எதையும் குலைத்துவிடும் சக்தி. மகனுக்கு அதை அடக்கத் தெரியவில்லை என்று அப்பாவே அவன் கண்ணைக் கட்டிவிடுகிறார். எர்த்ஸீ நாயகன் கெட் பள்ளியில் கற்ற மந்திரம் மாதிரி இல்லை இது. பங்காளிச் சண்டையோடு சேர்ந்தே வரும் வாரிசுச் சொத்து.

நடுநிசி: ஒத்துக்கொள்ள மாட்டேன். கிஃப்ட்ஸ் முதல் பாதியில் குடும்ப வரலாறுதான் அதிகம். புதியவர்கள் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். 'வாய்சஸ்' (2006) எடுங்கள். ஆன்சுல் நகரத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஆல்டுகளுக்கு எழுத்து என்றாலே பேய். புத்தகங்களை ஒளித்து வைத்திருக்கும் வீட்டில் மேமர் என்ற பெண் வளர்கிறாள். ஊரும் வேறு, கதைசொல்லியும் வேறு. முந்தையதைப் படிக்காவிட்டாலும் எதுவும் புரியாமல் போகாது.

ஓலைச்சுவடி: ஆன்சுலுக்கு வந்து சேரும் கவிஞன் யார்? அதே ஓரெக்தான், கூடவே அவன் சிறுவயதுத் தோழி கிரையும். புகழ்பெற்ற கவிஞனாக முதலிலேயே பார்த்துவிட்டால், கண்கட்டோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பையன் என்ன ஆவான் என்ற பதைப்பு போய்விடுமே.

நடுநிசி: கிஃப்ட்ஸைச் சொல்வதே ஓரெக்தானே? அவன் பிழைத்துக்கொண்டான் என்பது தொடக்கத்திலேயே தெரியும். அங்கே உள்ள கேள்வி வேறு: அந்த வரம் உண்மையிலேயே அவனிடம் இருக்கிறதா? அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

கரையோரம்: இரண்டு பேரும் அவசரப்படுகிறீர்கள். எர்த்ஸீயே பாதியில் நிற்கிறதே! 'டெஹானு' (1990) முடித்துவிட்டு 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ', பிறகு 'தி அதர் விண்ட்'. கடைசி இரண்டும் 2001. வெறும் சிறுகதைதானே என்று டேல்ஸைத் தாண்டிவிடுவதுதான் பலரும் செய்வது. அதில் 'டிராகன்ஃப்ளை' என்ற கதையைப் படிக்காமல் போனால், அதர் விண்டில் ஐரியன் வரும்போது இவள் யார், எல்லோரும் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று விழிக்க வேண்டியதுதான்.

ஓலைச்சுவடி: டேல்ஸ் விஷயத்தில் சரி. ஆனால் அவர் கேட்டது அதிகம் பேசப்படாதவற்றை.

மூங்கில்காடு: அப்படியானால் 'ஆல்வேஸ் கமிங் ஹோம்' (1985). தொலைதூர எதிர்காலத்தில் வாழும் கெஷ் மக்களின் பாட்டு, கூத்து, கதை, சடங்கு எல்லாம் கலந்த தொகுப்பு. மிரள வேண்டாம். ஸ்டோன் டெல்லிங் என்ற பெண்ணின் வரலாறு மூன்று பகுதிகளாகப் பிரிந்து கிடக்கும். பொருளடக்கத்தில் அவற்றைத் தேடி, அந்த மூன்றை மட்டும் முதலில் படியுங்கள்.

கரையோரம்: அப்படிப் படித்தால் மிஞ்சுவது ஒரு சாதாரண நாவல். நடுவே வரும் பாட்டும் கதையும்தான் கெஷ் மக்கள் வாழும் பள்ளத்தாக்கை நமக்குப் பழக்கித் தருகின்றன. அது பழகாவிட்டால், ஸ்டோன் டெல்லிங் தன் அப்பாவோடு அவருடைய காண்டார் மக்களிடம் போகும்போது எதை விட்டுப் போகிறாள் என்பதே உறைக்காது. வரிசையாகவே படிக்கலாம், அலுப்புத் தட்டும் இடத்தில் தாண்டிக்கொள்ளலாம். எப்படியும் முதல் புத்தகமாக வேண்டாம்.

புதுவாசகி: 'ஆர்சினியன் டேல்ஸ்' பரவாயில்லையா? கற்பனை நாடு என்று போட்டிருக்கிறதே.

நடுநிசி: நாடு மட்டும்தான் கற்பனை! மத்திய ஐரோப்பாவில் இருப்பதாகச் சொல்லப்படும் நாடு, 11 கதைகள், மந்திரம் துளியும் கிடையாது. ஒவ்வொரு கதையின் கீழும் ஓர் ஆண்டு இருக்கும். அது முன்னும் பின்னும் தாவும். கதைகள் அருமை. டிராகனை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

ஓலைச்சுவடி: வெஸ்டர்ன் ஷோரில் மூன்றாவதான 'பவர்ஸ்' (2007) அறிவியல் புனைவு, ஃபேண்டஸி நூல்களுக்கான நெபுலா விருது வாங்கியது என்பதற்காக அதை முதலில் எடுத்துவிடாதீர்கள். நல்ல நாவல்தான். ஆனால் மூன்றிலும் பெரியது, அடிமை வாழ்க்கையைச் சாவகாசமாகச் சொல்வது. முடிவில் நாயகன் கவிர் போய்ச் சேரும் இடமும், அங்கே அவன் யாரைச் சந்திக்கிறான் என்பதும் முந்தைய இரண்டையும் படித்தவர்களுக்குத்தான் ருசிக்கும்.

நடுநிசி: இதில் சண்டை இல்லை. வாய்சஸ், கிஃப்ட்ஸ், பவர்ஸ். என் வரிசை அதுதான்.

ஓலைச்சுவடி: கிஃப்ட்ஸ்தான் முதலில்!